தியானக் கட்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் முப்பது வருடம் பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தேன். அரசு ஊழியன் என்பதால் தேர்தல் வந்தால் பூத் வேலையும் வந்துவிடும். அதில் பாதிக்கு மேல் சேர்வராயன் மலையில். ஓய்வுக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் சிலர் கூடிப் பேசுகிறோம். ஒரு வாரம் இயற்கை விதிக் கட்சியைப் பற்றிச் சொல்லப்போய், அன்றிலிருந்து கேள்விகள் நின்றபாடில்லை. வாயால் சொல்லி அலுத்துப்போய் எழுதிவைத்துவிட்டேன்.

அப்படி ஒரு கட்சி உண்மையிலேயே இருந்ததா சார்? கதை விடுகிறீர்களா?

இருந்தது. 1992இல் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஒரே வருடத்தில் முளைத்தது. பிறகு இன்னும் பல நாடுகளுக்குப் போனது. எல்லா இடத்திலும் ஆணிவேர் ஒன்றுதான்: மகேஷ் யோகியின் ஆழ்நிலைத் தியான இயக்கம். இந்தியாவில் அதற்கு வேறு பெயர்: அஜேய பாரத் கட்சி. "வெல்ல முடியாத பாரதம்" என்று பொருள். தோற்றபோது இந்தப் பெயரை வைத்துக் கேலி பேச யாருக்கும் சிரமம் இருந்திருக்காது.

மகரிஷி என்றால் ஆழியாறு மகரிஷிதானே?

இல்லை. இந்தக் குழப்பம் எங்கள் ஊரில் எல்லோருக்கும் உண்டு. ஆழியாற்றில் அறிவுத் திருக்கோயில் கட்டியவர் வேதாத்திரி மகரிஷி; கூடுவாஞ்சேரியில் பிறந்த நெசவாளி வீட்டுப் பிள்ளை. தெருவுக்குத் தெரு மனவளக்கலை மன்றங்களும் "வாழ்க வளமுடன்" பலகையும் அவர் வழி வந்தவை. திருவண்ணாமலை ரமணர் வேறு. நான் சொல்பவர் மகேஷ் யோகி, வடக்கத்தியர். அலகாபாத்தில் இயற்பியல் படித்தவர், பிறகு ஜோதிர்மடத்துச் சங்கராச்சாரியார் பிரம்மானந்த சரஸ்வதியிடம் சீடராகச் சேர்ந்தவர். 1968இல் ரிஷிகேசத்தில் பீட்டில்ஸ் பாடகர்கள் வந்து தங்கினார்களே, அந்த ஆசிரமத்துக்காரர்.

நமக்கும் அவருக்கும் ஒரு தொடர்பு உண்டு. குரு காலமான பிறகு சில காலம் உத்தரகாசியில் இருந்துவிட்டு அவர் தெற்கேதான் வந்தார். 1955இல் கேரளத்தில் போதிக்க ஆரம்பித்தார். உலக இயக்கம் ஒன்று தொடங்கப்போவதாக அவர் அறிவித்தது 1957ஆம் வருடக் கடைசி நாட்களில், சென்னையில். அடுத்த வருடமே வேதாத்திரி உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கினார். இரண்டு மகரிஷிகள், இரண்டு உலக அமைதி இயக்கங்கள், இடையில் சில மாதம்தான். அந்தக் காலத்து மெட்ராஸ் காற்றில் என்ன கலந்திருந்ததோ.

ஆழ்நிலைத் தியானத்தில் என்ன செய்ய வேண்டும்?

காலையில் இருபது நிமிடம், மாலையில் இருபது நிமிடம் கண்ணை மூடி உட்கார்ந்து, கொடுத்த மந்திரத்தை மனசுக்குள் ஓட்ட வேண்டும். அவ்வளவுதான். மந்திரம் கொடுக்கும் நாளில் பூ, பழம், புதிய கைக்குட்டை வைத்துக் குருவின் படத்துக்குப் பூஜை நடக்கும். அமெரிக்காவில் நியூ ஜெர்சிப் பள்ளிகளில் இதைப் பாடமாக வைத்தபோது வழக்கு இந்தப் பூஜையில்தான் வந்து நின்றது. இது மதம் சார்ந்தது, அரசுப் பள்ளியில் கூடாது என்று 1977இல் தீர்ப்பு. 1979இல் மேல்முறையீட்டிலும் அதுவே நிலைத்தது. இது விஞ்ஞானம், மதம் அல்ல என்பது இயக்கத்தின் பேச்சு. அந்தப் பேச்சைக் கட்சியும் அப்படியே எடுத்துக்கொண்டது.

கட்சியின் கொள்கை என்ன?

தேர்தல் அறிக்கையில் எல்லாம் இருக்கும்: இயற்கை விவசாயம், நோய் வருமுன் காக்கும் மருத்துவம், மரபணு மாற்றிய உணவு வேண்டாம், கல்விச் சீர்திருத்தம். படித்தால் பாதிக்கு மேல் தலையாட்டத் தோன்றும். ஆனால் அவையெல்லாம் கூட்டுப் பொரியல். சோறு வேறு. நாட்டில் குற்றம், கலவரம், போர் எல்லாவற்றுக்கும் காரணம் மக்கள் மனசில் சேர்ந்துபோன இறுக்கம். போதுமான பேர் ஒரே இடத்தில் சேர்ந்து தியானம் செய்தால் அந்த இறுக்கம் நாடு முழுக்கக் கரையும். ஆகவே அரசு செலவில் ஒரு தியானப் படை வேண்டும். இதுதான் சோறு.

போதுமான பேர் என்றால் எத்தனை? சேலத்துக்கு எவ்வளவு தேவைப்படும்?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். ஓர் ஊரில் நூற்றுக்கு ஒருவர் தியானம் செய்தாலே குற்றம் குறையும் என்பது முதல் கணக்கு. 1970களின் நடுவில் சித்திப் பயிற்சி என்று மேல்வகுப்பு ஒன்று வந்ததும் கணக்கு மாறியது. அதைக் கூட்டாகச் செய்தால் மக்கள்தொகையில் ஒரு சதவீதம் வேண்டாம், அந்த ஒரு சதவீதத்தின் வர்க்கமூலமே போதும் என்றார்கள்.

போட்டுப் பாருங்கள். 2011 கணக்கெடுப்பில் சேலம் மாவட்டம் 34,82,056 பேர். ஒரு சதவீதம் ஏறக்குறைய 34,820. அதன் வர்க்கமூலம் 187. ஒரு கல்யாண மண்டபத்தில் முதல் பந்திக்கு உட்காரும் கூட்டம்! தமிழ்நாடு முழுக்க 7.21 கோடிப் பேர். அதற்கு 850 பேர் போதும். உலகத்தில் 500 கோடிப் பேர் இருந்தபோது போட்ட கணக்கில் ஏறக்குறைய 7,000 வரும். அவர்களின் பிரசுரங்களில் 7,000 என்ற எண் திரும்பத் திரும்ப வருவது இதனால்தான்.

வர்க்கமூலம் எங்கிருந்து வந்தது? லேசர் ஒளியிலிருந்து. அணுக்கள் தாறுமாறாக ஒளிவிட்டால் நூறு அணுவுக்கு நூறு பங்கு வெளிச்சம். தாளம் தப்பாமல் ஒன்றாக ஒளிவிட்டால் நூறின் வர்க்கம், பத்தாயிரம் பங்கு. இது நிஜமான இயற்பியல், நானே பாடம் எடுத்திருக்கிறேன். அதை மனசுக்குக் கொண்டுபோவதில்தான் வழுக்குகிறது. அணுக்கள் வீசுவது அலை. அலைகளின் உயரம் ஒன்றோடொன்று கூடும், வெளிச்சம் அந்த உயரத்தின் வர்க்கம். சுகவனேசுவரர் கோயில் தேர்வடம் பிடித்தவர்களுக்குத் தெரியும்: ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் தேர் அசையாது, சேர்ந்து இழுத்தால் நகரும். ஆனால் நூறு பேர் சேர்ந்து இழுத்தாலும் அது நூறு பேர் பலம்தான். பத்தாயிரம் பேர் பலம் ஆகிவிடாது. மனம் தேர் வடம் மாதிரியா லேசர் மாதிரியா என்பதை யாராவது முதலில் அளந்து காட்டியிருக்க வேண்டும். அளக்காமலே வர்க்கமூலத்தை எடுத்துக்கொண்டார்கள்.

பறப்பார்கள் என்கிறார்களே, நிஜமா?

சித்திப் பயிற்சியின் ஒரு பகுதிக்கு யோகப் பறத்தல் என்று பெயர். பதஞ்சலி யோக சூத்திரத்தின் விபூதி பாதத்தில், பஞ்சு போல இலேசாகி வானில் செல்வதைப் பற்றிய சூத்திரம் ஒன்று உண்டு. அதுதான் மூலம். கஞ்சமலைச் சித்தர் கோயிலுக்கு அமாவாசைக்கு அமாவாசை போகிறவர்களுக்கு லகிமா, அதாவது உடல் இலேசாகும் சித்தி, என்ற சொல் புதிதல்ல.

உலகம் பார்த்தது என்னவென்றால், பத்மாசனத்தில் உட்கார்ந்தபடி மெத்தை மேல் தத்தித் தத்திக் குதிப்பது. இது முதல் படிதான், மிதப்பது அடுத்த படி, பறப்பது அதற்கடுத்தது என்று அவர்களே விளக்குவார்கள். அடுத்த படியை யாரும் பொதுவில் காட்டியதில்லை. பிரிட்டன் கட்சி தன் தேர்தல் விளம்பரத்தில் இந்தக் குதிப்பைத் தொலைக்காட்சியில் காட்டியது. அதற்குப் பிறகு அந்தக் கட்சி என்றாலே அங்கே மக்களுக்கு ஞாபகம் வருவது அந்த மெத்தைதான். இயற்கை விவசாயம் யாருக்கும் ஞாபகம் இல்லை.

இன்னொன்று. டக் ஹென்னிங் என்று கனடாவில் புகழ்பெற்ற மேஜிக் கலைஞர் ஒருவர் இருந்தார். அவர் 1992இல் பிரிட்டனிலும் 1993இல் கனடாவிலும் இந்தக் கட்சிக்கு வேட்பாளர். ஆட்களை அந்தரத்தில் மிதக்கவிட்டுக் காட்டுவதைத் தொழிலாகச் செய்தவரையே பறக்கும் கட்சி நிறுத்தியது. எதிர்க்கட்சிக்குப் பேச்சாளரே தேவைப்பட்டிருக்காது.

வாஷிங்டனில் நிரூபித்துவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் வந்ததே?

1993 ஜூன், ஜூலையில் ஏறக்குறைய 4,000 பேர் வாஷிங்டனில் கூடித் தியானம் செய்தார்கள். முன்னின்று நடத்தியவர் ஜான் ஹேகலின். ஹார்வர்டில் முனைவர் பட்டம் வாங்கி, செர்ன் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து, துகள் இயற்பியலில் மதிக்கத்தக்க கட்டுரைகள் எழுதியவர். அமெரிக்காவில் கட்சியின் அதிபர் வேட்பாளரும் அவரே. வன்குற்றம் 23 சதவீதம் குறைந்தது என்பது அவர்கள் பிறகு வெளியிட்ட முடிவு.

எதைவிடக் குறைந்தது என்று கேட்க வேண்டும். முந்தைய வருடத்தைவிட அல்ல. வெயில் முதலியவற்றை வைத்து "இவ்வளவு குற்றம் நடந்திருக்கும்" என்று கணித்து, அந்தக் கணிப்பைவிடக் குறைந்தது என்றார்கள். நகரத்தில் 1992இல் 443 கொலை, 1993இல் 454. ஹேகலினுக்கு 1994இல் இக் நோபல் என்ற கேலிப் பரிசு, அமைதிக்கானது, கிடைத்தது. பரீட்சையில் என் பையன் நாற்பது வாங்கினான், ஆனால் முப்பதுதான் வாங்குவான் என்று நினைத்தேன், ஆகவே பத்து மார்க் ஏறியிருக்கிறான் என்று ஒரு தந்தை என்னிடம் சொல்லியிருக்கிறார். அந்த ஞாபகம் வந்தது.

எத்தனை ஓட்டு வாங்கினார்கள்? ஓர் இடமாவது ஜெயித்தார்களா?

பிரிட்டனில் 1992 பொதுத் தேர்தலில் 300க்கும் மேற்பட்ட தொகுதிகளில் நின்றார்கள். மொத்த வாக்கில் 0.2 சதவீதம்கூடத் தேறவில்லை. ஒருவர் பாக்கியில்லாமல் டெபாசிட் போனது. தேர்தலுக்கு மூன்று நாள் முன்பு பீட்டில்ஸ் ஜார்ஜ் ஹாரிசன் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் அவர்களுக்காகக் கச்சேரி செய்து கொடுத்தும் இந்தக் கதை. பாட்டுக்கு வந்த கூட்டம் பூத்துக்கு வராது என்பது நம் ஊர் நட்சத்திரப் பேச்சாளர்களுக்கும் பழக்கமான விஷயம்.

அமெரிக்காவில் ஹேகலின் மூன்று முறை நின்றார்: 1992, 1996, 2000. அதிகம் வாங்கியது 1996இல், 1,13,670 ஓட்டு. அவ்வளவு பெரிய நாட்டில் அது தூசி.

ஜெயித்த இடம் என்றால் இந்தியாதான். 1998இல் மத்தியப் பிரதேசச் சட்டமன்றத் தேர்தலில் அஜேய பாரத் கட்சிக்கு 320இல் ஓர் இடம் கிடைத்தது. மகேஷ் யோகி வளர்ந்த பகுதி, பள்ளிகளும் நிறுவனங்களும் நிறைய உள்ள மாநிலம். பறப்பதைப் பார்த்து விழுந்த ஓட்டாக எனக்குத் தோன்றவில்லை.

டெபாசிட் போகும் என்று தெரிந்தே ஏன் நின்றார்கள்?

பிரிட்டனில் அப்போது ஒரு தொகுதிக்கு டெபாசிட் 500 பவுண்டு. 300 தொகுதிக்கு ஒன்றரை லட்சம் பவுண்டு. ஐம்பது தொகுதிக்கு மேல் நிற்கும் கட்சிக்குத் தொலைக்காட்சியில் இலவசமாக நேரம் உண்டு. நாடு முழுக்க ஒரே நேரத்தில் தியானத்தைக் காட்ட அதைவிட மலிவான வழி ஏது? என்னைக் கேட்டால் அது தேர்தல் செலவு அல்ல, விளம்பரச் செலவு. நம் நாட்டில் இந்த வழி கிடையாது. தூர்தர்ஷன் நேரம் அங்கீகாரம் பெற்ற கட்சிகளுக்கு மட்டும்.

டெபாசிட்டைத் தூக்கிப்போட்டு ஊரைத் திரும்பிப் பார்க்கவைத்த கதை நமக்குப் பக்கத்திலேயே உண்டு. 1996இல் ஈரோட்டுப் பக்கம் மொடக்குறிச்சியில் 1,033 பேர் நின்றார்கள். தங்கள் குறை யார் காதிலும் விழவில்லை என்ற விவசாயிகளின் கோபம். வாக்குச்சீட்டைப் புத்தகமாக அடிக்க வேண்டியதாயிற்று. சட்டமன்றத்துக்கு 250 ரூபாயாக இருந்த டெபாசிட் அதன் பிறகுதான் 5,000 ஆனது, இப்போது 10,000.

இதே மாதிரி ஒரு கட்சியை நம் ஊரில் பதிவு செய்து ஏற்காட்டில் நிற்க முடியுமா?

இதைக் கேட்ட தம்பி விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்று முகத்தைப் பார்த்தே தெரிந்தது. முடியும்.

கட்சி தொடங்கிய முப்பது நாளுக்குள் தேர்தல் ஆணையத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். வாக்காளர்களான நூறு உறுப்பினர்களாவது வேண்டும். அரசியல் சட்டத்துக்கும், சோசலிசம், மதச்சார்பின்மை, ஜனநாயகம் என்ற கோட்பாடுகளுக்கும் கட்டுப்படுவோம் என்று கட்சி விதியிலேயே எழுத வேண்டும். தியானம் செய் என்று பிரசாரம் செய்யலாம். எனக்கு ஓட்டுப் போடாவிட்டால் தெய்வ குற்றம் என்றால் அது சட்டப்படி ஊழல் நடவடிக்கை.

ஏற்காடு பழங்குடியினருக்கான தனித் தொகுதி. வேட்பாளர் பழங்குடியினராக இருக்க வேண்டும். டெபாசிட் பாதி, 5,000. அங்கீகாரமில்லாத கட்சி என்பதால் அந்தத் தொகுதி வாக்காளர் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும். பெரிய கட்சிக்காரருக்கு ஒருவர் போதும். செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால் பணம் திரும்பும். இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை: ஏற்காடு சேலம் மாவட்டம்தான், ஆனால் எம்.பி. தேர்தலுக்குக் கள்ளக்குறிச்சியில் சேரும்.

பதிவு செய்துவிட்டுச் சும்மா இருக்கவும் முடியாது. ஆறு வருடம் எந்தத் தேர்தலிலும் நிற்காத 334 கட்சிகளை 2025 ஆகஸ்டில் ஆணையம் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது.

இப்படிப்பட்ட கட்சிக்கு ஓட்டுப் போடுகிறவர்கள் யார்?

2013 டிசம்பர் 4 ஏற்காடு இடைத்தேர்தலில் எனக்கு மலைமேல் ஒரு பள்ளிக்கூடத்தில் பூத். தமிழ்நாட்டில் முதல்முறையாக நோட்டா பொத்தான் வைத்த தேர்தல். அப்போது அதற்குச் சின்னம்கூடக் கிடையாது, எழுத்து மட்டும்; சின்னம் 2015இல்தான் வந்தது. ஒரு பாட்டி உள்ளே போய்விட்டு எட்டிப் பார்த்து, "சாமி, கடைசியில ஒரு கட்டம் சும்மா கெடக்குதே, அது யாரு?" என்றார். யாருமில்லை பாட்டி, யாரையும் பிடிக்காதவங்களுக்கு என்றேன். "அப்படியும் ஒரு ஆளு நிக்குதா" என்று சொல்லிவிட்டுப் போய் அழுத்தினார். பீப் சத்தம் கேட்டது. எதை அழுத்தினாரோ.

பிரிட்டனில் விழுந்த அந்த 0.2 சதவீதத்தில் தியானம் செய்கிறவர்கள் கொஞ்சம் பேர் இருந்திருப்பார்கள். மீதிப் பேர் அந்தப் பாட்டி சொன்ன ஆளுக்குப் போட்டவர்கள் என்றே நினைக்கிறேன்.

ரஜினி சொன்ன ஆன்மிக அரசியலும் இதுவும் ஒன்றா?

இல்லை. 2017 டிசம்பர் 31 அன்று அவர் சொன்னபோது சாதி மதம் பாராத நேர்மையான அரசியல் என்று விளக்கம் கொடுத்தார். தியானத்தால் ஆட்சி நடத்துவேன் என்று சொல்லவில்லை. 2020 டிசம்பர் 29 அன்று கட்சியே தொடங்கவில்லை என்றுவிட்டார். மேலே பேச ஒன்றுமில்லை.

ஏன் கடையைக் கட்டினார்கள்?

பிரிட்டனில் 2001 தேர்தலிலேயே நிற்கவில்லை. அமெரிக்காவில் தேசிய அளவில் 2004இல் கலைத்தார்கள். கனடாவிலும் அதே காலம்தான். தோல்வி ஒரு காரணம். ஆனால் நூறு வருடம் தோற்றுக்கொண்டே நடக்கும் கட்சிகளும் உலகத்தில் உண்டு.

எனக்குத் தோன்றும் காரணம் அந்த 187இல் இருக்கிறது. 187 பேர் ஒரு மண்டபத்தில் உட்கார்ந்தால் மாவட்டமே அமைதியாகிவிடும் என்று நிஜமாக நம்புகிறவனுக்கு எம்.எல்.ஏ. எதற்கு? ஓட்டு எதற்கு? மண்டப வாடகை போதுமே. ரோடு போட, ரேஷன் போட, தண்ணீர் விட அரசு வேண்டும். இவர்களின் மருந்துக்கு அரசு வேண்டியதே இல்லை. அரசிடம் கேட்டது செலவுப் பணத்தை மட்டும். வீடு வீடாகப் போய் "உங்கள் ஓட்டு இல்லாமலும் இது வேலை செய்யும்" என்று சொல்கிற கட்சிக்கு எவன் வெயிலில் வரிசையில் நிற்பான்?

மொசாம்பிக்கில் ஜோவாகிம் சிஸ்ஸானோ அதிபராக இருந்தபோது, 1990களில், தானே இந்தத் தியானத்தைக் கற்று ராணுவத்தினருக்கும் கற்பிக்க வைத்தார். அவர் பழைய விடுதலைப் போராட்டக் கட்சியான ஃப்ரெலிமோக்காரர். இயற்கை விதிக் கட்சி அங்கே ஜெயிக்க வேண்டிய அவசியமே ஏற்படவில்லை.

மகேஷ் யோகிக்கும் இது புரிந்திருக்க வேண்டும். 2000இல் தேர்தலே இல்லாத ஒரு நாட்டை அறிவித்தார்: உலக அமைதிக்கான உலகளாவிய நாடு. எல்லை கிடையாது, மண் கிடையாது. மூளை ஆராய்ச்சியாளரான ஒரு சீடருக்கு மகாராஜா பட்டம் கட்டி முடி சூட்டினார்கள். ராம் என்று நாணயத் தாள்கூட அச்சடித்தார்கள், ஒரு ராமுக்குப் பத்து யூரோ. நெதர்லாந்தில் சில கடைகள் வாங்கிக்கொண்டன. 2008 பிப்ரவரி 5 அன்று மகேஷ் யோகி காலமானதும் நெதர்லாந்தில், விளோட்ராப் என்ற சிற்றூரில்தான்.

இப்போது எங்காவது மிச்சம் இருக்கிறதா?

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில். அங்கே கட்சியின் வேட்பாளர்களில் ஒருவராவது குறிப்பிட்ட அளவு ஓட்டு வாங்கினால் வாக்குச்சீட்டில் இடம் தொடரும். தலை போன பிறகும் வால் ஆடுகிற மாதிரி அது தொடர்ந்தது. இடம் தேடும் வெளியாட்களுக்குக் காலி வீடு கிடைத்தது. 2024இல் ராபர்ட் கென்னடி ஜூனியர் இந்தக் கட்சியின் அதிபர் வேட்பாளராக அங்கே பெயர் கொடுத்தார். ஆகஸ்டில் டிரம்ப்பை ஆதரித்து விலகி, பெயரை எடுங்கள் என்றார். முடியாது, கட்சி நிறுத்திவிட்டது என்று மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. தேர்தல் நாளில் அவர் பெயர் அப்படியே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பேச்சு தொடங்கியதே இந்தச் செய்தியில்தான்.

அப்படியானால் தியானமே வேண்டாம் என்கிறீர்களா சார்?

நான் அப்படி எங்கே சொன்னேன்? கண்ணை மூடி இருபது நிமிடம் உட்கார்ந்தால் உட்கார்ந்தவருக்கு நல்லது. மலை மேல் பூத் வேலைக்குப் போகும்போது இருபது கொண்டை ஊசி வளைவு தாண்டிய பிறகு எனக்கு அது தேவைப்பட்டிருக்கிறது. உட்காராத பக்கத்து வீட்டுக்காரரும் அதனால் சண்டையை நிறுத்துவார் என்பதற்குத்தான் கணக்கு கேட்கிறேன்.

நாமே 187 பேரைச் சேர்த்துப் பார்த்தால் என்ன?

அதே தம்பிதான். தாராளமாகச் சேர்க்கலாம். எந்தத் தேதியில் தொடங்குகிறோம், எந்தக் குற்றத்தை எண்ணப்போகிறோம், எவ்வளவு குறைந்தால் குறைந்தது என்று ஒப்புக்கொள்வோம் என்பதை முதலிலேயே ஒரு தாளில் எழுதி, ஒட்டி, மூன்றாவது ஆளிடம் கொடுத்துவிட வேண்டும் என்றேன். சரி என்றார். போன ஞாயிறு வரைக்கும் பதினொரு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அதில் இரண்டு பேர் தட்டுவடை செட்டுக்காக வருகிறவர்கள்.